முதலில் மண், பிறகு பனி

கேள்வி: ஹிமாலயன் 450 பைக் வைத்திருக்கிறேன். ஜனவரியில் ஸ்பிட்டி பனியில் ஓட்டிப் பழகிவிட்டு ஆஃப் ரோடு ரேஸில் இறங்க ஆசை. டக்கார் ராலி வரை போக முடியுமா? – வாசகர், கோவை

பதில்: ஆசையில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். 2015-ல் டக்காரை முடித்த முதல் இந்தியரான பெங்களூரு சி.எஸ்.சந்தோஷும், 2024-ல் ராலி 2 பிரிவை வென்ற ஷொர்ணூர் ஹரித் நோவாவும் மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் மண்ணில் புரண்டு எழுந்தவர்கள்.

பனியில் ஆக்ஸிலேட்டரை மென்மையாகத் திருகப் பழகலாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால், ஆணி பதிக்காத டயரோடு உறைந்த சாலையில் காலை ஊன்றி ஊன்றி நகர்கிறவருக்குப் பந்தய வித்தை எப்படி வரும்? ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்க்கை இறுக்கி, ஒரு விரலால் முன் பிரேக்கை அளந்து பிடிக்க வேண்டும். பின் சக்கரம் வழுக்கினாலும் பதறாமல் வண்டியைத் திருப்ப வேண்டும். குளிரில் விறைத்த விரலுக்கு அந்த அளவு பிடிபடாது. தவிர, 196 கிலோ ஹிமாலயனை நாலு முறை தூக்கி நிறுத்தினாலே அன்றைய தெம்பு காலி. சுமார் 160 கிலோ எடையுள்ள எக்ஸ்பல்ஸ் 200 பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். செலவு கூடுமே என்றால், உடைந்த ஹிமாலயனைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோலார் அருகே சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க்கில் பயிற்சி எடுத்துவிட்டு, மோட்டோகிராஸ் பந்தயத்தின் புதுமுகப் பிரிவில் ஓட்டிப் பாருங்கள். டக்காரைப் பற்றி அப்புறம் பேசலாம். ஸ்பிட்டிக்குச் சுற்றுலாவாகத் தாராளமாகப் போய்வாருங்கள். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.