வயதான நாய்க்கு ஆபரேஷன் செய்யலாமா?

வயதான நாய் வண்டியில் அடிபட்டுக் காலை ஊன்ற முடியாமல் கிடந்தால், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் முதலில் எழும் கேள்வி, "இனி எத்தனை நாள் இருக்கப் போகுது, இதுக்குப் போய்ச் செலவா?" என்பதுதான். வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 98,000 நாய்களைக் கணக்கெடுத்தார்கள். உடல்நலத்தோடு இருந்தவற்றில் ஏறத்தாழ 2,000க்கு ஒன்று இறந்தது. ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 75க்கு ஒன்று. பன்னிரண்டு வயதைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வயதைக் குறைக்க முடியாது. நோயைக் கண்டுபிடிக்க முடியும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். அது ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. ஆகவே முதல் செலவு எக்ஸ்ரேவுக்கும், தட்டணுவையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கும்தான். குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய வசதி.

எல்லா அடிக்கும் ஆபரேஷன் தேவையில்லை. முழங்கால் தசைநார் அறுந்த நாய்களைப் பற்றி 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 15 கிலோவுக்குள் இருந்தவற்றில் 85 சதவீதம் ஆபரேஷன் இல்லாமலே தேறின. அதைவிடக் கனமானவற்றில் தேறியவை 20 சதவீதம்கூட இல்லை. தொடை எலும்பு முறிவு வேறு கதை. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் இருந்தால்தான் கட்டு பிடிக்கும். இடுப்பைக் கட்டி நிறுத்த முடியாது என்பதால் நாட்டுக்கட்டு அங்கே வீண் வேதனை. ஆபரேஷன் செய்து எலும்பைப் பொருத்தும் பிளேட் வைக்க வசதி இல்லையென்றால் காலை எடுப்பது பற்றிக் கேளுங்கள். கேட்கவே கொடூரமாக இருக்கும். ஆனால் மற்ற மூன்று கால்களிலும் மூட்டு தேயாத நாய் நன்றாகவே நடக்கும்.

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டவே திணறும்போது நாய்க்கா?" என்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். கடன் வாங்கி ஆபரேஷன் செய்துவிட்டு, பிறகு கவனிக்க ஆளில்லாமல் விடுவதில் என்ன அன்பு இருக்கிறது? பிளேட் வைத்த நாயை ஆறு முதல் எட்டு வாரம் கட்டிவைத்து, மலசலத்துக்கு மட்டும் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில், திண்ணையிலும் தோட்டத்திலும் இஷ்டத்துக்குத் திரிந்த நாய்க்கு அதை யார் செய்வது? தையல் பிரிக்கவும் மறு எக்ஸ்ரேவுக்கும் பாகூரிலிருந்து வண்டி வைத்துப் போக வேண்டும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இந்தச் செலவும் கவனிப்பும் முடியாதென்றால் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்வது, அதுவும் பலிக்காதபோது டாக்டர் கையால் வலியின்றி விடைகொடுப்பது, இரண்டுமே நியாயமான முடிவுகள். வைத்தியமே பார்க்காமல் மாட்டுக்கொட்டகை மூலையில் முனகவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. வலிக்காக நாம் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபென் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நாய்களுக்குக் கொடுக்கும் வலி மருந்தான மெலாக்சிகாம்கூட, எடையும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் எழுதிய அளவில்தான் கொடுக்க வேண்டும்.