கட்டிலைச் சுமந்த நால்வர்

குடும்ப மறைக்கல்வி
(வாசிக்க: மாற்கு 2: 1-12)



சில வருடங்களுக்கு முன்னர், ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கலைந்த பின், ஒரு தாய் கோவில் பின்வாசலில் என்னைக் காத்து நின்றார்.

"சுவாமி, மூத்தவன் மூன்று மாதமாய்ப் பள்ளிக்கூடம் போகேல்லை. அறைக்குள்ளேயே கிடக்கிறான். சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. தகப்பன் ஏசி ஏசிக் களைச்சுப் போனார். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, சுவாமி."

பையனுக்கு வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருடம். அடுத்த கோவிலில் பூசைக்கு நேரமாகிவிட்டதால், "செபமாலை சொல்லுங்கள் அம்மா, எல்லாம் சரிவரும்" என்று ஆசீர்வதித்து அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்தின் பின் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டேன். இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டான். அன்று அந்தத் தாய்க்கு நான் சொன்னது பிழையல்ல. சொல்லாமல் விட்டதே பிழை. அதையே இவ்வாரப் பாடமாக எழுதுகிறேன்.

1. நால்வர் என்றது ஏன்?

கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை இயேசுவிடம் கொண்டுவந்த நிகழ்ச்சியை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருமே எழுதியுள்ளனர். ஆனால் சுமந்தவர்கள் நால்வர் என்று எண்ணிச் சொல்பவர் மாற்கு மட்டுமே. கட்டிலுக்கு நான்கு மூலை, மூலைக்கு ஒருவர். ஒருவர் தனியே தூக்க முயன்றால் கட்டில் சரியும். நோயாளியும் விழுவான், தூக்கியவரும் விழுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நோயாளி வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாக நற்செய்தியில் இல்லை. மனம் சோர்ந்த பிள்ளையும் அப்படித்தான். "எனக்கு உதவி வேண்டும்" என்று அது சொல்லாது. கதவைச் சாத்தும், எரிந்து விழும், கைத்தொலைபேசியில் முகம் புதைக்கும். ஆண்டவரோ நோயாளியின் விசுவாசத்தை மட்டும் பார்க்கவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார். பிள்ளைக்கு நம்பிக்கை அற்றுப்போன வேளையில், அவனுக்காக நம்புவதற்கு ஆட்கள் வேண்டும்.

2. கூரையைப் பிரிக்கத் துணிதல்

வாசலில் கூட்டம். நால்வரும் திரும்பிப் போகாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்கினார்கள். நமது வீடுகளின் மேலும் ஒரு கூரை இருக்கிறது. "ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு இவனுடைய தங்கைக்குக் கலியாணம் பேசுவார்களா?" என்பதே அது. அந்தக் கூரையின் கீழ் எத்தனை பிள்ளைகள் மூச்சுத் திணறுகின்றார்கள்! ஊர் முழுவதும் பறையடிக்கச் சொல்லவில்லை. நம்பிக்கையான நால்வருக்குச் சொல்லுங்கள்.

3. ஒருவர் போதாது: தொன் போஸ்கோவின் இளமை

இளைஞரின் தந்தை எனப் போற்றப்படும் புனித தொன் போஸ்கோ 1815ஆம் ஆண்டு பிறந்தவர். இரண்டு வயது நிறையுமுன்னரே தகப்பனை இழந்தார். பதினான்காம் வயதில் கலோசோ என்ற முதிய குரு ஒருவர் அவருக்குக் கிடைத்தார். அவரிடம் லத்தீன் படித்தார். மனத்தைத் திறந்து பேசினார். 1830ஆம் ஆண்டு அக்குரு திடீரென இறந்தபோது சிறுவன் நிலைகுலைந்து போனான். ஒரே தூணில் நின்ற வீடு அது. பின்னர் தாய் மார்கரீத்தாவின் உறுதியும், கபாசோ என்ற இளங்குருவின் ஆலோசனையும், வேறு பலரின் உதவியும் சேர்ந்தே அவரை நிமிர்த்தின. ஆயிரக்கணக்கான இளைஞரைத் தாங்கிய அந்தப் புனிதரையே பலர் சேர்ந்து தாங்கவேண்டியிருந்தது.

4. நமது நான்கு மூலைகள்

முதலாம் மூலை, வீடு. பெற்றோரில் ஒருவராவது நாள்தோறும் கொஞ்ச நேரம் பிள்ளையின் அருகே இருக்கவேண்டும். விசாரணை வேண்டாம், "அடுத்த வீட்டுப் பெடியனைப் பார்" என்ற ஒப்பீடும் வேண்டாம். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் தேநீரை வைத்துவிட்டுக் கூட இருங்கள்.

இரண்டாம் மூலை, உறவு. ஞானஸ்நானத்தின் போதும் உறுதிபூசுதலின் போதும் திருச்சபை பிள்ளைக்கு ஞானப்பெற்றோரைத் தந்தது படம் எடுக்கவா? நத்தாருக்கு உடுப்பு வாங்கித் தருவதோடு அவர்களின் கடமை முடிவதில்லை. அவர்களோ, ஒரு மாமாவோ, சித்தியோ, பிள்ளையைத் தம்முடன் கூட்டிச் சென்று ஒரு வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். முகம் பார்த்துப் பேச முடியாத பையன், தோளோடு தோள் நின்று வேலை செய்கையில் பேசுவான்.

மூன்றாம் மூலை, பள்ளிக்கூடம். வகுப்பாசிரியரையோ, வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரையோ சந்தித்து, பிள்ளை சோம்பேறியல்ல, சுகமில்லாதவன் என்று விளக்குங்கள். சில ரியூசன் வகுப்புகளை நிறுத்துவதால் உலகம் அழிந்துவிடாது.

நான்காம் மூலை, வைத்தியர். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வும், நித்திரைக் குழப்பமும், எதிலும் விருப்பமின்மையும் நீடித்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். மடுமாதாவுக்கு நேர்த்தி வையுங்கள். கிளினிக்குக்கும் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியனைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் நமக்குப் போதிக்கின்றது.

இந்த நால்வரும் யார் என்பதைப் பிள்ளைக்கு மறைக்கவேண்டாம். "உனக்கு ஆரோடை கதைக்க விருப்பம்?" என்று முதலில் அவனையே கேளுங்கள். நால்வரும் கிழமைக்கு ஒருமுறையாவது தம்முள் பேசிக்கொள்ளட்டும். ஆனால் அவன் ஒருவரிடம் நம்பிச் சொன்னதை மற்றவரிடம் கொட்டவேண்டாம். குருவானவரையும் நாடுங்கள், பாவசங்கீர்த்தனத்தில் பிள்ளை சொன்னது என்னவென்று மட்டும் அவரைக் கேட்காதீர்கள்.

5. ஆபத்து வேளையில்

"நான் இருந்து என்ன பிரயோசனம்?" என்று பிள்ளை சொன்னாலோ, தான் ஆசையாய் வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, அதை நடிப்பென்று தள்ளவேண்டாம். "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா, மோனே?" என்று அமைதியாக, நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வர வழி பிறக்கும். ஆம் என்றால், அங்கே இரகசியத்துக்கு இடமில்லை. அவனைத் தனியே விடவேண்டாம். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள், அல்லது பூட்டி வையுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசிச் சேவையில் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம். பொலிசுக்குப் பயந்து ஒளிக்கவும் தேவையில்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமெனக் கருதிய சட்டம் இலங்கையில் 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

6. வீட்டுக்குப் போ

ஆண்டவர் அந்த நோயாளியை "மகனே" என்று அழைத்தார். பின்னர் எழுந்து, படுக்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். சுகமடைந்தவனை ஏற்றுக்கொள்ள ஒரு வீடு வேண்டும். "நீ எங்களை எவ்வளவு வெட்கப்படுத்தினாய்" என்று வாசலில் நின்று சொல்கின்ற வீடல்ல. "சாப்பிட வா" என்று அழைக்கின்ற வீடு.

நான் ஆஸ்பத்திரியில் கண்ட பையனுக்கும் நால்வர் பின்னர் கிடைத்தார்கள். அவனது ஞானத்தகப்பன் படகு இயந்திரம் திருத்துபவர். பின்னேரங்களில் அவனைத் தம் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். முதல் இரண்டு கிழமையும் சாவி எடுத்துக் கொடுத்ததைத் தவிர அவன் எதுவும் பேசவில்லையாம். மூன்றாம் கிழமை பேசினான். அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. மறு வருடம் எழுதினான். தகப்பன் ஏசுவதை விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய புதுமை என்று தாய் சொன்னார்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை யார்? அவர்கள் கடைசியாக எப்போது பிள்ளையோடு பேசினார்கள்?

2. ஒரு துன்பம் வந்தால் யாரிடம் போவாய் என்று பிள்ளையிடம் கேட்டால், எத்தனை பேரைச் சொல்லும்?

3. நமக்குத் தெரிந்த வேறொரு வீட்டில் ஒரு பிள்ளை முடங்கிக் கிடக்கின்றதா? அந்தக் கட்டிலின் எந்த மூலையை நாம் பிடிக்கலாம்?

இன்று இரவு செபமாலை முடிந்ததும், அந்த நால்வரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.