இதயத்தருகே ஒரு குழாய்

பெரிய அறுவை சிகிச்சையின்போது தரப்படும் சில வீரிய மருந்துகளைக் கையின் சிறு சிரைகள் தாங்கா. ஆகவே இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைவரை மெல்லிய குழாயைச் செலுத்துகின்றனர். 1929இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கைச் சிரை வழியாகத் தாமே இதயம்வரை குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே படமும் எடுத்தார். 1956இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

முன்பெல்லாம் தோலைக் கீறிச் சிரையைத் தேடினர். 1953இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், தமனிக்காக எளிய வழி ஒன்றை வெளியிட்டார். ஊசியைக் குத்தி, அதனுள் மெல்லிய கம்பியைவிட்டு, ஊசியை உருவி, கம்பியின்மேல் குழாயை ஏற்ற வேண்டும். பின்னர் கம்பியையும் எடுத்துவிடலாம். இம்முறை சிரைகளுக்கும் பயன்படலாயிற்று.

குத்துவதற்கு ஏற்ற இடங்கள் மூன்று. காரை எலும்பின் அடியில் கிருமித்தொற்று குறைவு. ஆனால் ஊசி நுரையீரலைத் துளைத்துவிடக்கூடும். தொடை இடுக்கில் அந்த அபாயமில்லை. ஆனால் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். கழுத்திலோ சிரையின் பக்கத்திலேயே தமனி ஓடுகிறது.

முன்பு எலும்பையும் தசையையும் அடையாளமாகக் கொண்டே குத்தினர். இன்று அல்ட்ராசவுண்டு கருவி உள்ளிருப்பதைக் காட்டுகிறது. மெல்ல அழுத்தினால் சிரை அமுங்கும். தமனி எளிதில் அமுங்காது. இதனால், குறிப்பாகக் கழுத்தில், தவறான குத்துகள் குறைந்துள்ளன.

குறையே இல்லாத முறை எதுவுமில்லை. நோயாளிக்கு ஏற்றதைத் தேர்வதும், பார்த்தபின் குத்துவதுமே உயிரைக் காக்கும். கைத்திறனோடு பணிவும் சேர்ந்ததே மருத்துவம்.