மாறியைக் காணோமா? டீபக்கர் கைக்குறிப்புகள்

கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் கல்லூரிகளுக்குப் பஸ்ஸேறிப் போய்வந்து, ராத்திரி வீட்டில் சி நிரலோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்காக இவை. சென்னை ஐஐடியின் சக்தி செயலியை வைத்தே சொல்கிறேன். அதன் ரிஸ்க்-ஃபைவ் ரெஜிஸ்டர் பெயர்கள் சுலபமாக மனத்தில் நிற்கும். இன்டெல் மடிக்கணினியிலும் பெயர்கள்தான் வேறு, கதை ஒன்றுதான்.

1. டீபக்கரான ஜிடிபியில் மாறியைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்கிறதா? பதறி, மேம்படுத்தல் இல்லாத ஓ0-வில் மறுபடி கம்பைல் செய்யாதீர்கள். நிரல் நிற்கிற இந்த முகவரியில் மாறி எங்கே இருக்கிறது என்று கம்பைலர் எழுதிவைக்கவில்லை, அவ்வளவே. ‘ஸ்டெப்ஐ’ போட்டு ஒவ்வொரு இயந்திரக் கட்டளையாக நகர்ந்து, நடுநடுவே கேட்டுப் பாருங்கள். கைவிட்டுப் போயிருந்தால், பிரேக்பாயின்டைச் சில வரிகள் முன்னால் வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

2. ஓ0-வில் மாறிக்கு ஸ்டாக்கில் சொந்த இடம் உண்டு. ஃபங்ஷன் முடியும்வரை அங்கேயே இருக்கும். நிரலை மேம்படுத்தும் ஓ2-வில் அது குடிமாறிக்கொண்டே இருக்கும்: முதலில் ஏ0, பிறகு எஸ்1, ரெஜிஸ்டர் போதாவிட்டால் கொஞ்ச நேரம் ஸ்டாக். ஊரில் ஒருவரைத் தேடினால், ‘காலையில் கழனியில் இருப்பார், பத்து மணிக்கு மேல் கடைக்கு வந்துவிடுவார்’ என்று நேரம் வைத்துச் சொல்வார்கள் அல்லவா? கம்பைலரும் அப்படித்தான் ஒரு பட்டியல் எழுதுகிறது. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிவரை இன்ன ரெஜிஸ்டர், அதற்குமேல் இன்ன இடம் என்று. நடுவே எதுவும் எழுதப்படாத இடைவெளிகளும் இருக்கும். முதல் குறிப்பில் சொன்ன பதில் அங்கிருந்துதான் வருகிறது. பட்டியல் எழுதும் முறைக்கு டுவார்ஃப் என்று பெயர். ஐந்தாம் பதிப்பு 2017-ல் வந்தது. ஜிசிசி 11 (2021) முதல் அதுவே இயல்பு. ‘இன்ஃபோ அட்ரஸ்’ என்று போட்டு மாறியின் பெயரைக் கொடுத்தால் பட்டியலை ஜிடிபியே காட்டும். ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

3. ‘அப்’ போட்டு, அழைத்த ஃபங்ஷனுக்கு ஏறும்போது சில மாறிகள் தெரியும், சில தெரியாது. ஏ0 முதல் ஏ7 வரையிலான 8 ரெஜிஸ்டர்களை, அழைக்கப்பட்ட ஃபங்ஷன் இஷ்டத்துக்கு அழிக்கலாம். எஸ்0 முதல் எஸ்11 வரையிலான 12-ஐத் தொட்டால், பழைய மதிப்பை ஸ்டாக்கில் பத்திரப்படுத்தித் திருப்பித் தரவேண்டும். அப்படி வைத்த இடமும் குறிக்கப்பட்டிருக்கும். டீபக்கர் போய் எடுத்துவரும்.

4. மாறியின் பெயரோடு ‘@என்ட்ரி’ ஒட்டிக்கொண்டு வந்தால், அது ஃபங்ஷனுக்குள் நுழைந்தபோது இருந்த மதிப்பு. அழைத்தவர் பக்கம் போய்க் கணக்குப் போட்டு ஜிடிபி மீட்டது. நடுவில் மாறியிருக்கலாம்.

5. மதிப்பு தெரிகிறது, ‘செட் வார்’ போட்டால் மாற்ற முடியவில்லையா? அந்த மாறிக்கு இடமே இல்லை. மாறிலியாகவோ, வேறு ரெஜிஸ்டரிலிருந்து கணக்கிட்டோ டீபக்கர் உங்களுக்குக் காட்டுகிறது. எழுத இடம் வேண்டுமே!

6. லூப்பில் உள்ள ‘ஐ’ அடிக்கடி காணாமல் போகும். அணிவரிசையில் நகரும் பாயின்டர் ஒன்றே போதும் என்று கம்பைலர் ‘ஐ’யைத் தூக்கிவிடுகிறது. டிஸ்அசெம்பிள் செய்து அந்தப் பாயின்டர் எந்த ரெஜிஸ்டரில் என்று பாருங்கள். தொடக்க முகவரியைக் கழித்து, உறுப்பின் பைட் அளவால் வகுத்தால் ‘ஐ’ வந்துவிடும்.

7. ஸ்ட்ரக்ட் துண்டு துண்டாகப் பிரிக்கப்படலாம். ஒரு ஃபீல்டு இல்லையென்றால் மற்றதைக் கேளுங்கள்.

8. ரெஜிஸ்டரில் இருக்கும் மாறிக்கு ‘வாட்ச்’ போடாதீர்கள். ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்திச் சோதிக்கும், விடிந்துவிடும்.

9. டீபக்குக்கென்றே ‘ஓஜி’ என்ற தேர்வு ஜிசிசி 4.8 (2013) முதல் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எல்லா மாறியும் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். சந்தேகமுள்ள ஒரு கோப்பை மட்டும் ஓ0-வில் கம்பைல் செய்து, மற்றதை ஓ2-விலேயே விடுவது என் வழக்கம்.

10. மாறியைப் பார்ப்பதற்காக ‘வாலடைல்’ சேர்ப்பவர்கள் உண்டு. மாறி தெரியும்; ஆனால் உருவாகும் இயந்திரக் கட்டளைகளும் வேகமும் மாறுவதால், தேடிவந்த பிழையே ஒளிந்துகொள்ளலாம். கடைசி வழியாக வையுங்கள்.

11. ஓ2-வோடு, டீபக் தகவல் சேர்க்கும் ‘ஜி’ தேர்வையும் எப்போதும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். கோப்பு பெருத்துவிடுமே என்று தயங்க வேண்டாம். ஓப்பன்ஓசிடி வழியாகச் சக்திப் பலகையில் ஏற்றும்போது டீபக் பகுதி மடிக்கணினியிலேயே தங்கிவிடும்.

12. மலையடிவாரத்தில் சிக்னல் தடுமாறுகிற இரவில், லினக்ஸில் ஜிடிபி திறந்ததும் டீபக்இன்ஃபோடி சர்வரிலிருந்து நூலகங்களின் டீபக் கோப்புகளை இறக்க முயன்று தொங்கி நிற்கலாம். ‘செட் டீபக்இன்ஃபோடி எனேபிள்ட் ஆஃப்’ என்று அணைத்துவிடுங்கள். நீங்களே எழுதிய நிரலுக்கு அது தேவையில்லை.