ஏரிக்கரையில் ஓர் இரவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஏரிக்கரை முகாமில் ஜனவரியில் இரண்டு இரவுகளைக் கழித்தேன். தண்ணீரை எட்டித் தொடும் தூரத்தில் கூடாரம் வேண்டுமென்று கேட்டு வாங்கியது நான்தான். முதல் இரவு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டியது. கூடாரத்தின் உட்புறத் துணி முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. ஸ்லீப்பிங் பேகின் கால்மாடு நனைந்து கனத்துக் கிடந்தது. எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெரியவர் ஒரு தென்னை உயரத்துக்கு மேலே, மேட்டில் படுத்திருந்தார். காலையில் உலர்ந்த கம்பளியோடு இறங்கி வந்து, "குளிரும் தண்ணி மாதிரிதான் தம்பி, பள்ளம் பாத்து ஓடும்" என்றார்.

தண்ணீர்ப் பக்கம் இரவில் கதகதப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை கடலோரத்துக்கானது. அங்கே அது சரி. மலையில் கதை வேறு. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் மெல்ல வழிந்து கிண்ணம் போன்ற பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அந்தக் கிண்ணத்தின் அடியில்தான் ஏரி இருக்கிறது. போதாக்குறைக்கு ஏரியின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி என்றால் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களின் பெயர்களே செய்தியில் அடிபடுவதைக் கவனித்திருப்பீர்கள். மேட்டில் இருக்கிற புல் தப்பித்துக்கொள்கிறது.

இன்னொன்று, கூடாரத்தை இண்டு இடுக்கில்லாமல் மூடினால் சூடு தங்கும் என்பது. எங்கள் தலையில் சொட்டியது வெளியே பெய்த பனி அல்ல, நாங்கள் விட்ட மூச்சு. உள்ளே அடைபட்ட ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிட்டது. நனைந்த போர்வையைவிடக் கொஞ்சம் காற்றோட்டம் எவ்வளவோ மேல். மேல் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். போர்வைக்கு மேல் போர்வை போடுவதும் பாதி வேலைதான். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது அடியில் இருக்கிற மண். ஒரு போர்வையைக் குறைத்துக்கொண்டாவது அடியில் கனமான ஃபோம் ஷீட் போடுங்கள். மது குளிருக்கு நல்லது என்பது சுத்தப் பொய். அது தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடு போன்ற உணர்வைத் தரும். அந்த வழியாகவே உள்சூடு வெளியேறிவிடும்.

அடுத்ததைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பார்பிக்யூ அடுப்பில் மிஞ்சிய கரித்தணலை "புகையில்லையே" என்று கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். புகை அடங்கிய தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். லேசான தலைவலி, அப்புறம் தூக்கம், அவ்வளவுதான். நம் மலை ஊர்களிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. தணல் எவ்வளவு சிறியதானாலும் அதன் இடம் வெளியேதான். தூங்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகு படுங்கள்.

நெருப்பு எரிந்தால் மிருகம் அண்டாது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. தீயைக் கண்டு ஒதுங்குகிற விலங்கும் உண்டு, கண்டுகொள்ளாததும் உண்டு. நம்பி உறங்கும் அளவுக்கு அது காவல் அல்ல. மிச்சச் சோறும் கறி எலும்பும் அவற்றை அழைத்து வருகின்றன. சாப்பாட்டுப் பொருளைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கொடைக்கானலில் பலர் காட்டெருமை என்று சொல்வது எருமை இனமே இல்லை, அது காட்டுமாடு. நன்கு வளர்ந்த காளை ஆயிரம் கிலோ எடையைத் தொடும். ஊருக்குள் சாதுவாக மேய்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வீட்டு மாடு மாதிரித் தெரியும். அன்று காலை எங்கள் கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே, ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடங்கள் வரிசையாகக் கிடந்தன. விரித்த உள்ளங்கையை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். தடத்துக்குள் ஊறிய நீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. நாங்கள் தூங்கியது அவை தண்ணீருக்குப் போகும் வழியில்.

தீயைப் பற்றி இன்னொரு வார்த்தை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். காய்ந்த மலைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நாடே பார்த்தது. மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோரை அந்தத் தீ கொண்டுபோனது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

"இ-பாஸ் எடுத்தாச்சு, எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்" என்கிறார்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ், மலைக்கு வரும் வண்டிகளைக் கணக்கெடுத்து ஒழுங்குபடுத்துவதற்கானது. காட்டில் தங்க அது அனுமதி ஆகாது. கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரிக்குப் பகலில் போய்வரவே வனத்துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அங்கே இரவுக் கூடாரத்துக்கு இடமே இல்லை.

அந்தப் பேரிஜத்தையும் கொடைக்கானல் ஏரியையும் இயற்கை தந்தது என்று நினைப்பவர்களே அதிகம். கொடைக்கானல் ஏரி 1863இல் பிரிட்டிஷ் அதிகாரி வெரே லெவிஞ்ச் கரை கட்டி உருவாக்கியது. ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் அமைத்தது. ஊட்டிப் பக்கத்து எமரால்டும் அவலாஞ்சியும் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். இது வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை, படுக்கும் இடத்தைத் தீர்மானிக்கிற விஷயம். மின்சாரத்துக்கும் மழைக்கும் ஏற்ப அணையின் நீர்மட்டம் ஏறி இறங்கும். காய்ந்தது போல் தெரியும் கரையில் காலை வைத்தால் முழங்கால் வரை சேறு இருக்கலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நீரின் சுத்தமும் முக்கியம்: பேரிஜம் நீர் பெரியகுளத்து மக்கள் குடிப்பது. ஏரியில் சோப்புப் போட்டுக் குளிக்கிறவர்களும், கரையோரம் ஒதுங்குகிறவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முகாம்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 200 அடி, அதாவது எண்பது தப்படி. கூடாரம், கழிப்பிடம், பாத்திரம் கழுவுவது எல்லாம் தண்ணீரிலிருந்து அவ்வளவு தள்ளி.

பளிங்கு போல் இருந்தாலும் ஏரி நீரை அப்படியே குடிக்காதீர்கள். மேலே ஆடும் மாடும் காட்டு விலங்கும் இறங்கிய நீர் அது. வயிற்றுப்போக்கிலிருந்து எலிக்காய்ச்சல் வரை அதில் வரும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிப்பதால் சோறும் சீக்கிரம் வேகும் என்று எண்ணிவிட வேண்டாம், பருப்பு கீழே வேகும் நேரத்தில் இங்கே வேகாது. குடிநீர் என்றால் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கட்டும்.

கூடாரத்தைச் சுற்றி உப்புக் கோடு போட்டால் பாம்பு தாண்டாது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஜிப்பை இழுத்து மூடுங்கள், காலணியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். எந்தப் பாம்புக்கும் ஒரே ஊசி என்ற நம்பிக்கையும் தவறு. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கடிபட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அசையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். வீக்கத்தையும் ரத்தம் உறைவதையும் கவனித்துச் சிகிச்சை தருவார்கள்.

இரண்டாம் இரவு பெரியவர் காட்டிய மேட்டுக்குக் கூடாரத்தை மாற்றினோம். அன்றும் மூன்று மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். கீழே ஏரி தெரியவில்லை. அதன் மேல் மூடுபனி தட்டையாகப் படுத்திருந்தது. முந்தின நாள் நாங்கள் படுத்த இடம் அதற்குள் எங்கோ இருந்தது. திரும்பி வந்து கூடாரத் துணியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். கை நனையவில்லை.