கால்வாய் மீண்டும் ஆறானது

நகரம் வளரும்போது முதலில் இடத்தை இழப்பது நீரே. வளைந்தோடும் ஓடையை நேராக்கி, அடியிலும் கரைகளிலும் காங்கிரீட் இட்டுவிட்டால் மழைநீர் விரைந்து வெளியேறும். கரையோர நிலமும் மிச்சப்படும். ஆனால் அந்நீர் மண்ணில் ஊறுவதில்லை. வேர்பற்ற இடமின்றிச் செடிகள் அழிய, அவற்றை நம்பிய மீனும் பறவையும் அகல்கின்றன. இவ்வாறு மாறிப்போன ஓடையை மீட்க இயலுமா? இயலும் என்பதற்குச் சிங்கப்பூரின் காலாங் ஆறு சான்று பகர்கிறது.

மீட்ட முறை

பீஷான் – அங் மோ கியோ பூங்காவை ஒட்டி, இவ்வாறு 2.7 கி.மீ. நீளத்திற்கு நேரான காங்கிரீட் கால்வாயாக ஓடியது. 2009இல் தொடங்கி 2012இல் நிறைவுற்ற திட்டத்தில் அக்கால்வாய் உடைக்கப்பட்டது. பூங்காவினூடே வளைந்து நெளிந்து செல்லும் 3.2 கி.மீ. ஆறு உருவாயிற்று. முன்பு ஏறத்தாழ 17 முதல் 24 மீட்டர் அகலத்துள் அடங்கியிருந்த நீர், இன்று பெருமழையின்போது சுமார் 100 மீட்டர் வரை பரவலாம். மற்ற நாட்களில் அச்சரிவுகள் மக்கள் உலாவும் புல்வெளிகள்!

மண்கரையை வெள்ளம் அரித்துவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. சுள்ளிக் கட்டுகள், கற்கள், நாணல் உருளைகள் முதலியவற்றைக் கரையில் பதித்து, இடையே செடிகளை நட்டனர். வேர்கள் பின்னிப் படரப் படரக் கரை வலுப்பெறும். காங்கிரீட் நாளடைவில் தேயும். இக்கரையோ நாளடைவில் உறுதியாகும். முதலில் சிறிய வடிகால் ஒன்றில் பல முறைகளைச் சோதித்துப் பார்த்த பின்னரே ஆற்றில் கைவைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பூங்காவின் மேற்பகுதியில் படிப்படியாக அமைந்த சதுப்புப் பாத்திகளும் உள்ளன. குளத்துநீர் அவற்றின் வழியே மெல்லக் கசியும்போது மண்ணும் வேர்களும் அழுக்கைத் தடுத்துக்கொள்கின்றன. திடீர் வெள்ளத்தை முன்னறிவிக்க நீர்மட்ட உணர்கருவிகளும் எச்சரிக்கை விளக்குகளும் ஒலிப்பான்களும் பொருத்தப்பட்டுள்ளன. எவரும் கொணர்ந்து விடாமலே தும்பிகளும் பறவைகளும் வந்தன. நீர்நாய்க் குடும்பங்களும் காணப்பட்டன.

நாம் அறிய வேண்டியது

காங்கிரீட்டை உடைத்ததால் மட்டும் ஆறு மீளவில்லை. வெள்ளம் பரவுவதற்கு அருகே பூங்கா நிலம் இருந்தது. அதை ஆற்றுக்குக் கொடுக்கும் மனமும் இருந்தது. கரைவரை வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் இதே பணி பன்மடங்கு கடினம். ஆகவே, ஓடையோரத்தில் இன்று எஞ்சியிருக்கும் வெற்றிடம் வீணான நிலமன்று. நாளைய வெள்ளத்திற்காக விட்டுவைத்த இடமாகும். அதைக் காப்பதே மீட்புப் பணியின் முதற்படி.