கம்பெனியின் உடைமையும் ஆட்சியும்: மானேஜிங் ஏஜென்சி முறை

கூட்டுப்பங்குக் கம்பெனியின் உடைமையாளர்கள் பங்குதாரர்களே; அவர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்களே அதனை நிர்வகிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. எனினும், இந்தியத் தொழில்துறையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறை இதற்கு மாறாகவே இருந்தது.

துவாரகாநாத் தாகூர் பங்காளியாக இருந்து 1834-இல் கல்கத்தாவில் தொடங்கிய கார், தாகூர் நிறுவனத்தை இம்முறையின் முன்னோடி எனக் கூறுவர். கம்பெனியைத் தோற்றுவித்து, தொடக்க மூலதனத்தைத் திரட்டி, தொழில்நுட்பத்திற்கும் வங்கிக் கடனுக்கும் வழிசெய்தது ஏஜென்சி நிறுவனமே. மூலதனச் சந்தை வளர்ச்சியுறாத நாட்டில் இது சிறிய தொண்டு அன்று. ஆனால் அத்தொண்டிற்குப் பெற்ற விலை பெரிது. நீண்ட கால ஒப்பந்தம் ஒன்றின் வாயிலாக நிர்வாகம் முழுவதும் ஏஜெண்டின் கைக்குச் சென்றது. பங்குகளில் பெரும்பகுதி பிறரிடம் இருந்தபோதிலும் ஆட்சி அவரிடமே நிலைத்தது. தந்தைக்குப்பின் மகன் என அது வழிவழியாகவும் தொடர்ந்தது.

ஊதிய முறையில் இதன் தன்மை தெளிவாகப் புலப்படும். பம்பாய்ப் பஞ்சாலைகள் பலவற்றில் தொடக்கத்தில் உற்பத்தியாகும் ஒவ்வொரு ராத்தலுக்கும் காலணா கமிஷன் தரப்பட்டது. ஆலைக்கு நட்டம் நேர்ந்தாலும் ஏஜெண்டுக்கு வருவாய் உண்டு! உற்பத்தியைப் பெருக்குவதில் அவருக்கிருந்த ஆர்வம் ஆதாயத்தைப் பெருக்குவதில் இல்லாமற் போனதில் வியப்பில்லை.

1936-ஆம் ஆண்டுத் திருத்தம், பதவிக் காலத்தை 20 ஆண்டுகளாக வரையறுத்து, ஊதியத்தை நிகர லாபத்தோடு இணைத்தது. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அந்த ஊதியத்திற்கு நிகர லாபத்தில் 10 சதவீதம் என உச்சவரம்பு விதித்தது. 1960 ஆகஸ்ட் 15-க்குப் பின் ஒருவர் பத்துக் கம்பெனிகளுக்கு மேல் ஏஜெண்டாக இருத்தலாகாது என்றும் விதித்தது. இறுதியில், 1969-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 1970 ஏப்ரல் 3 முதல் இம்முறை அறவே ஒழிக்கப்பட்டது.

ஒப்பந்தம் ஒழிந்தது, ஆதிக்கமோ உடன் ஒழிந்துவிடவில்லை. ஒரு கம்பெனி மற்றொன்றின் பங்குகளை வாங்கி வைத்தல், முதலீட்டுக் கம்பெனிகளை நடுவில் நிறுத்துதல், ஒரே குடும்பத்தார் பல இயக்குநர் குழுக்களில் அமர்தல் ஆகிய வழிகள் முன்பே இருந்தன. இப்போது அவையே முதன்மை பெற்றன. பங்கேட்டில் காணும் பெயருக்கு அப்பால் உண்மையான பயன் யாருக்குச் செல்கிறது என்பதைக் கண்டறிய 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு தேவைப்பட்டமைக்கு இவ்வழிகளே காரணம்.